பின்சீட்டுக்காரர் கேட்ட பாட்டு

அந்த டாக்சிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் டாக்சிக்காரர். அவருக்குப் பக்கத்தில், மடியில் தோல் பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, துப்பறியும் கோந்து. டாக்சிக்காரருக்கு நேர் பின்னால் அவருடைய மனைவி. தையற்கார அக்கா என்றால்தான் தெருவில் தெரியும். மறுபக்க ஜன்னலோரம், முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க, கோந்துவின் உதவியாளன் சில்லறை. பின்சீட்டின் நடுவில் அக்கா ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்துக்கு உரியவன் காணாமல் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. சில்லறை கொஞ்சம் காலை நீட்டலாமா என்று பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நீட்டவில்லை.

கோந்து எந்த வழக்கின் முடிவையும் வாயால் சொல்லமாட்டார். கடிதமாக எழுதி, உறையில் போட்டு, பையிலிருக்கும் கோந்து பாட்டிலைத் திறந்து, தன் கையாலேயே ஒட்டி அனுப்புவார். வாயால் சொன்னது காற்றோடு போகும், ஒட்டினது ஒட்டினபடி நிற்கும் என்பது அவர் கட்சி. உதவியாளன் நேர் எதிர். யார் எவ்வளவு பெரிய விஷயத்தைப் பெரிய நோட்டு மாதிரி நீட்டினாலும், அதைச் சில்லறையாக மாற்றிக் கையில் கொட்டிவிடுவான். பெயர் அப்படித்தான் வந்தது.

டாக்சியின் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி வெறும் இரைச்சல்.

"ஏண்ணே, இந்த ஸ்டேஷன்ல எப்பவும் இதே நிகழ்ச்சிதானா?" என்றான் சில்லறை.

"போன மழையில இருந்து இதேதான்," என்றார் டாக்சிக்காரர். "ஏறுறவங்க எல்லாரும் கேக்குறாங்க. ரிப்பேர்னு சொல்லிடறேன். இவ பட்டனை மாத்த விடமாட்டேங்கறா."

"மாத்தினா அவன் வர்றது எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

அவன் என்பது அவளுடைய தம்பி. மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் கார் ஓட்டினான். ஒரு சாயங்காலம் காரும் இல்லை, அவனும் இல்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்தார். திருடன் என்று போலீஸ் எழுதி வைத்துக்கொண்டது; முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் வந்தது. அதோடு கதை முடிந்தது, அக்காவுக்குத்தான் முடியவில்லை.

தம்பிக்குப் பாட்டுப் பைத்தியம். தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டி வைத்திருந்தான். முதலாளியோ, "என் வண்டியில உன் சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னவர். அதனால் அவன் ஒரு தந்திரம் செய்தான். பாட்டுப் பெட்டியை ஒரு சின்ன ஒலிபரப்புக் கருவியில் செருகினான். எந்த நிலையமும் இல்லாத காலி இடத்தில் அது பாட்டை அனுப்பும். கார் ரேடியோவை அந்த இடத்தில் திருப்பி வைத்தால் ரேடியோ பாடும். வண்டியின் பேட்டரியிலேயே இரண்டுக்கும் உயிர் வரும்படி ஒயரையும் உள்ளுக்குள் இழுத்துவிட்டான். சாவியைத் திருகினால் முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் ரேடியோ.

அந்த ஒலி நாலைந்து கார் தூரம் வரை கசியும். அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரும்போது, டாக்சிக்குப் பின்னால் காரை நிறுத்தி டாக்சியின் ரேடியோவையும் பாடவைப்பான். அதற்காகவே டாக்சியில் ஒரு பட்டனை அந்தக் காலி இடத்துக்குப் பழக்கியிருந்தான். "மாமா, உங்க வண்டிக்கு நான்தான் ஸ்டேஷன்" என்பான்.

போன வாரம் ஒரு காலையில், தையற்கடைக்குப் போகும் வழியில், ஒரு சிக்னலில் டாக்சி நின்றபோது இரைச்சல் விலகியது. உள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. சொல் இல்லாத வெறும் முனகல் ராகம்; அதற்குப் பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். பச்சை விழுந்தது, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், டாக்சி நகர்ந்துவிட்டது. மறுநாளும், அதற்குப் பிறகு தினமும், அதே இடம், அதே ராகம்.

"உலகத்துல தையல் மெஷினுக்கா பஞ்சம்? உங்களுதுதான்னு எப்படிக்கா அடிச்சுச் சொல்றீங்க?" என்று சில்லறை கேட்டான்.

"என் மெஷின் இடையில இடையில திக்கும். அவன் அந்தத் திக்கலையும் தாளத்துல சேர்த்துத்தான் பாடுவான். என் பக்கத்துல உக்காந்து அவனே பதிஞ்சது. வேற எந்த ரேடியோவுலயும் அது வராது." அவள் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வழியா ஏதோ ஒரு வண்டியில தினமும் போறான். பயந்து ஒளிஞ்சு திரியறான். கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க, சார். திருடனாவே இருந்துட்டுப் போகட்டும். உயிரோட இருந்தாப் போதும்."

கண்ணாடியில் டாக்சிக்காரரின் கண்கள் சில்லறையைச் சந்தித்து விலகின. அந்தக் கண்களில் நம்பிக்கை ஒரு துளியும் இல்லை. மனைவிக்காக வண்டி ஓட்டும் மனிதரின் கண்கள் அவை.

அதே சிக்னலில் சிவப்பு விழுந்தது. தூறல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. டாக்சி நின்றது.

இரைச்சலுக்குள் ஒரு சொடுக்கு. பிறகு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவனைப் போல, அந்தக் குரல் வந்தது. முனகல். மெஷின். மெஷின் ஒருமுறை திக்கியது. குரலும் அதோடு நின்று, அதோடு தொடர்ந்தது.

சில்லறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். பள்ளி வேன். பால் லாரி. ஒரு ஸ்கூட்டரில் குடும்பமே இருந்தது. எதிலும் அவன் வயதுக்காரன் இல்லை.

"பச்சை விழுந்தாலும் நகராதீங்க," என்றார் கோந்து.

"பின்னால இருக்குறவன் என் பரம்பரையையே இழுப்பானே, சார்."

"இழுக்கட்டும். எஞ்சின் மூடியைத் திறந்து வச்சு எட்டிப் பாருங்க."

பச்சை விழுந்தது. ஹாரன்கள் அலறின. டாக்சிக்காரர் எஞ்சினுக்குள் தலையை விட்டு, கெட்டுப் போகாததை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் லாரிக்காரன் கடந்து போகும்போது, இந்த வண்டியைக் காயலான் கடைக்காரனே வாங்கமாட்டான் என்று வாழ்த்திவிட்டுப் போனான். பாட்டு மட்டும் தொடர்ந்தது. மெஷின் இரண்டாவது முறை திக்கியது. அடுத்த மூச்சில், கத்தரித்த மாதிரி எல்லாம் அறுந்து இரைச்சல் திரும்பியது.

"போயிட்டான்," என்றாள் அக்கா.

"போகலைம்மா," என்றார் கோந்து. "போற வண்டின்னா சத்தம் கொஞ்சங் கொஞ்சமா தேயணும். இது வெட்டின மாதிரி நின்னுச்சு. நேத்தும் இந்த ரெண்டாவது திக்கல் வரைக்கும் கேட்டீங்களா?"

"அதுக்குள்ள நாங்க நகந்துட்டோமே."

"ஆனா ஆரம்பம் மட்டும் தினமும் ஆரம்பமாவே இருக்கு. வழியோட போற வண்டின்னா என்னைக்காவது ஒரு நாள் நடுப்பாட்டு மாட்டணும். சாவி போட்டா ஆரம்பிக்கும், எடுத்தா நிக்கும். அப்போ யாரோ இங்க பக்கத்துல வண்டியை எடுத்து, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள நிறுத்திடறாங்க."

"அரைப் பாட்டு தூரத்துக்கு யாரு சார் கார்ல போவாங்க?" என்றான் சில்லறை. "எங்க சித்தப்பா ஒருத்தர் தெருக்கோடிக்கு வெத்தல வாங்கவே கார்ல போவாரு. அவரு போய்ச் சேந்துட்டாரே."

"எங்கயும் போகாத வண்டி. இடம் மாறுற வண்டி. இறங்குங்க."

டாக்சியை ஓரம் கட்டிவிட்டு நால்வரும் நடந்தார்கள். ஜெராக்ஸ் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, பூட்டிய வங்கி, ஒரு பல் ஆஸ்பத்திரி. எல்லா வாசல்களும் தூறலில் நனைந்து கறுத்திருந்தன. பல் ஆஸ்பத்திரி வாசலில் மட்டும், வெட்டவெளியில், நீளமாக ஓர் உலர்ந்த கட்டம் அப்போதுதான் நனைய ஆரம்பித்திருந்தது.

"மழைக்குக்கூட இங்க ரிசர்வேஷன் போட்டிருக்காங்க போல," என்ற சில்லறை, தானே வாயை மூடிக்கொண்டான். அந்தக் கட்டம் ஒரு கார் அளவு. பத்தடி தள்ளி, எதிர் ஓரத்தில், கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் நின்றிருந்தது. அதன் அடியில் தரை ஏற்கெனவே நனைந்திருந்தது.

அக்கா ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது இல்ல. அவன் ஓட்டினது வெள்ளை."

ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். ஒரு கையில் கையுறை மாட்டியிருந்தார், மறு கையுறை பல்லுக்கிடையில் இருந்தது.

"பல்லா?" என்றார்.

"வண்டி, டாக்டர்," என்றார் கோந்து. "தினமும் காலையில இங்க இருந்து அங்க மாத்துவீங்களா?"

"நான் மாடியில குடியிருக்கேன். ராத்திரி வாசல்ல நிக்கும். காலையில நோயாளிங்க வரணுமே. இதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல. ரேடியோ கேப்பீங்களோ?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அதை ஏன் கேக்குறீங்க. ஒரே ஸ்டேஷன்தான், ஆனா அருமையான ஸ்டேஷன். எடுத்ததும் ஒரு பையன் முனகுவான், அப்புறம் வரிசையா பாட்டு. விளம்பரமே கிடையாது."

"விளம்பரமே இல்லாத ரேடியோன்னா உங்களுக்குச் சந்தேகம் வரலையா, டாக்டர்?" என்றான் சில்லறை.

"விளம்பரம் வரலைன்னு யாராவது புகார் குடுப்பாங்களா, தம்பி?"

கோந்து கார் கதவைத் திறக்கச் சொன்னார். கதவின் கீல் மடிப்பில், பச்சை எட்டாத இடத்தில், விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"வெளியூர்ல, பழைய வண்டிச் சந்தையில. வண்டிப் பேப்பர்ல வேற யார் பேரோ இருந்துச்சு, ஆனா வித்தவர் பெரிய மனுஷன் மாதிரிதான் இருந்தார். கனத்த உடம்பு. பேசும்போது கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைப்பார். வண்டியை யாரோ ஒரு ஆள் ஓட்டிட்டு வந்தான். அவர் பின்சீட்டுல இருந்து இறங்கினார். கடைசியில அவர்தான் சொன்னார், ரேடியோவை மட்டும் தொடாதீங்க, நல்ல ஸ்டேஷன் ஒண்ணு புடிச்சு வச்சிருக்குன்னு."

"முதலாளி," என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை. "போலீஸ் ஸ்டேஷன்ல என் தம்பியைத் திருடன்னு சொன்னப்பவும் அப்படித்தான் கண்ணாடியைத் துடைச்சார்."

கோந்து தலையசைத்தார். "பெயிண்டை மாத்தினார், நம்பரை மாத்தினார், சீட் உறையை மாத்தினார். பாட்டை மாத்தலை. ஏன்னா, இந்த வண்டியில பாட்டு எங்க இருந்து வருதுன்னு அவருக்குத் தெரியாது. முன்னால உக்காந்தவனுக்குத்தான் அது தெரியும். அத்தனை வருஷமும் பின்சீட்டுல உக்காந்து, அதை ரேடியோன்னே நெனச்சுக் கேட்டிருக்கார். சரிம்மா, அந்தப் பாட்டுப் பெட்டியை உங்க தம்பி எங்க ஒளிச்சு வைப்பார்?"

அக்கா யோசிக்கவே இல்லை. குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் படும் இடத்தில் இருந்த ஃபியூஸ் மூடியைத் தட்டினாள். மூடி கழன்று வந்தது. உள்ளே கைவிட்டு, ஒயரோடு அதை வெளியே எடுத்தாள். தீப்பெட்டி அளவு, ஓரத்தில் நகச்சாயத்தால் அவளே வைத்த சிவப்புப் புள்ளி.

அவள் சிரித்தாள். சில்லறை அவளைப் பார்த்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டது அதுதான் முதல் தடவை.

"பாத்தீங்களாங்க?" என்று புருஷனிடம் அதை நீட்டினாள். "நான் சொன்னேன்ல. அவன் திருடலை. திருடினது அந்த ஆளு. தன் வண்டியையே ஒளிச்சு வித்துட்டு, காப்பீட்டுக்கும் எழுதிக் குடுத்துட்டு, பழியை என் தம்பி தலையில போட்டிருக்கார்."

டாக்சிக்காரர் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "தெருவுல எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன்," என்று மட்டும் சொன்னார்.

"அக்கா, இனிமே நான் டிக்கியில வேணா உக்காந்துக்கறேன்," என்றான் சில்லறை. "வர்ற மகாராசனுக்கு நடு இடம் பத்தாது."

அவனும் சிரித்தபடிதான் கோந்துவைத் திரும்பிப் பார்த்தான். வழக்கின் முடிச்சு அவிழ்ந்ததும் பேனா மூடியைக் கழற்றுவது அவர் பழக்கம். பேனா கையில் இருந்தது. மூடி கழலவில்லை. அவர் பாட்டுப் பெட்டியைப் பார்க்கவில்லை, அது இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் மெதுவாக. "வண்டியை விட்டு இறங்கும்போது இதை உங்க தம்பி என்ன பண்ணுவார்?"

"கையோட எடுத்துக்குவான்," என்றாள் அக்கா பெருமையாக. "டீ குடிக்க இறங்கினாக்கூட விட்டுட்டுப் போகமாட்டான். முதலாளி கண்ணுல பட்டா தூக்கி எறிஞ்சிடுவாருன்னு பயம். அதுக்குன்னே அவன் ஒவ்வொரு சட்டைக்கும் உள்பக்கமா நான் ஒரு சின்னப் பை வச்சுத் தைச்சு..."

அவளுடைய வலது கை, அவளறியாமல், தன் இடது விலாவுக்குப் போயிருந்தது. எத்தனையோ சட்டைகளில் அந்தப் பையை வைத்துத் தைத்த இடம். கை அங்கேயே நின்றது.

டாக்சிக்காரருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"அவன் இறங்கலைங்க," என்றாள். விலாவிலிருந்து கையை எடுக்காமலே, "அவனை இறக்கியிருக்காங்க," என்றாள்.

தூறல் வலுத்தது. அந்த உலர்ந்த கட்டம் முழுவதும் நனைந்து, மற்ற இடங்களோடு இடமாகிவிட்டது.

"ஒருவேளை அவசரத்துல மறந்திருக்கலாம், அக்கா," என்றான் சில்லறை.

"வீடு பத்தி எரிஞ்சாலும் முதல்ல இதைத்தான் எடுப்பான், தம்பி."

சில்லறை வாயைத் திறந்தான். எவ்வளவு பெரிய விஷயத்தையும் மாற்றிக் கொடுக்கிறவனிடம் இதற்கு மாற்றுக் கிடைக்கவில்லை. திருடன் இல்லை என்று நிரூபித்த அதே பெட்டிதான், உயிரோடு இல்லை என்றும் சொல்லியது. அவள் கேட்டு வந்தது தம்பியின் உயிர். கிடைத்தது அவனுடைய நல்ல பெயர்.

அவள் பெட்டியை ஒயரிலிருந்து உருவி, தன் கைப்பைக்குள் வைக்கப் போனாள்.

"அதை அங்கயே வச்சிடணும்மா," என்றார் கோந்து. "போலீஸ் வந்து அவங்க கையால எடுக்கணும். நாம எடுத்துட்டா, நாமே கொண்டுவந்து வச்சோம்னு அந்த ஆளு சொல்லிடுவார்." பிறகு டாக்டரிடம், "சாவியை மேசையில வச்சுப் பூட்டிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. நோயாளிங்க சுத்திக்கிட்டு வரட்டும்," என்றார்.

"அப்போ நாளைக்குக் காலையில பாடாதா?" என்று கேட்டாள் அக்கா.

"பாடாதும்மா."

அவள் பெட்டியை இருந்த இடத்தில் வைத்தாள். ஒயரைச் செருகினாள். குழந்தை முகத்தில் போர்வையை இழுத்துவிடுகிறவள் மாதிரி மூடியைப் பொருத்தி, இரண்டு விரலால் அழுத்தினாள்.

டாக்டர் உள்ளே இருந்த பெஞ்சைக் காட்டினார். பல்வலிக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி நகர்ந்து இடம் கொடுத்தார். கோந்து எழுதினார். காவல்துறை மேலதிகாரிக்கு. வாங்கியவர் யார், விற்றவர் யார், கீல் மடிப்பின் வெள்ளை, ஃபியூஸ் மூடிக்குள் இருக்கும் பெட்டி, பின்சீட்டிலிருந்து இறங்கி ரேடியோவைத் தொடாதீர்கள் என்று சொன்ன வாய். வண்டி திருட்டுப் போனதாக முதலாளிக்காகப் பொய் சொல்ல ஓட்டுநர் மறுத்திருக்கலாம் என்று ஒரு வரி. முதலாளியின் மருந்துக் கிடங்கையும் அதன் பின்னாலுள்ள காலி மனையையும் தேட வேண்டும் என்று இன்னொரு வரி. முடித்ததும் வழக்கப்படி படித்துக் காட்டினார்.

"எதை வச்சுத் தேடுவாங்க, சார்?" என்றாள் அக்கா.

கோந்து கடிதத்தை மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"ஒரு வருஷமாச்சு. மூஞ்சியா தெரியப் போவுது?" அவள் கையை நீட்டினாள். "பேனாவைக் குடுங்க."

அவள் அளவு எழுதும் எழுத்திலேயே எழுதினாள், குட்டையாக, அழுத்தமாக. சில்லறை அவள் தோளுக்கு மேலாக வாசித்தான்.

'சட்டை என்ன நிறம் என்று தெரியாது. எந்தச் சட்டையாக இருந்தாலும் உள்பக்கம், இடது விலாவில், தீப்பெட்டி நுழையும் அளவுக்கு ஒரு பை இருக்கும். கறுப்பு நைலான் நூல், இரட்டைத் தையல். துணி மக்கினாலும் தையல் மக்காது. பை காலியாக இருக்கும்.'

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, இன்னாரின் அக்கா என்று எழுதினாள்.

கோந்து கடிதத்தை மடித்து உறையில் போட்டார். பாட்டிலைத் திறந்து, தூரிகையால் மடிப்பின் ஓரத்தில் தடவினார். எத்தனையோ உறைகளை ஒட்டிய கை. இன்று ஒரு சொட்டு பெஞ்சில் சிந்தியது. அக்கா உறையை அவரிடமிருந்து வாங்கி, மடிப்பைக் கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, துணி விளிம்பை நீவுகிற மாதிரி நீவி அழுத்தினாள். பிரியாது என்று தெரிந்த பிறகுதான் கொடுத்தாள்.

நால்வரும் டாக்சிக்குத் திரும்பினார்கள். முன்னால் டாக்சிக்காரர், பக்கத்தில் கோந்து, பின்னால் ஜன்னலோரம் சில்லறை. அக்கா ஏறி, நகர்ந்து, பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். டாக்சிக்காரர் சாவியைத் திருகினார். இரைச்சல் வந்தது. அவர் கை பட்டனை நோக்கிப் போய், தொடாமல் திரும்பியது. மாற்று என்றும் அவள் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை.

தெருக்கோடியில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. சில்லறை கண்ணாடியை இறக்கி, மழையில் உறை நனையாமல் மறு கையால் மறைத்தபடி, அதைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினான். உள்ளே அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் டாக்சிக்காரர் வண்டியை எடுத்தார்.